டைல்ஸ் கழற்ற, கொங்கிரீட் உடைக்க எந்த மெசின்? மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கல்முனையிலோ செங்கலடியிலோ ஒரு வாடகைக் கடைக்குப் போய் "டைல்ஸ் உடைக்க ஒரு பிரேக்கர் தாங்க" என்று மொட்டையாகக் கேட்டால், அன்றைக்குக் கடையில் எது சும்மா கிடக்கிறதோ அதுதான் கைக்கு வரும். அது 16 கிலோ பெரிய பிரேக்கராக இருந்துவிட்டால் பாத்ரூம் டைல்ஸ் சட்டென்று வந்துவிடும். கூடவே அடியில் கிடந்த கழிவுப் பைப்பும், பக்கத்துச் சுவரில் இரண்டு கல்லும் வந்துவிடும்.

நம்முடைய வீடுகளின் அமைப்பு அப்படி. அத்திவாரத்துக்குள் மணல் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே 3 அங்குலக் கொங்கிரீட் போட்டு, அதன்மேல் ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலச் சாந்தில் டைல்ஸ் பதித்திருப்பார்கள். கழிவு நீர்ப் பைப் அந்த மணலுக்குள்தான் ஓடும். சில வீடுகளில் தண்ணீர் லைனும் அங்கேதான். சுவர் 4 அல்லது 6 அங்குலச் சீமெந்துக் கல். ஆகவே உடைக்கப்போகிற பொருள் எவ்வளவு கெட்டி என்று யோசிக்க முன்னம், உடைத்த பிறகு எது முழுசாக மிஞ்ச வேண்டும் என்று பாருங்கள். மிஞ்ச வேண்டியது மெல்லியது என்றால் மெசினும் சின்னதாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் தட்டிப் பாருங்கள்

கடைக்குப் போக முன்னம் ஒரு ஸ்பனரின் பின்பக்கத்தால் ஒவ்வொரு டைலையும் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். "டொக்" என்று பானையைத் தட்டின மாதிரிச் சத்தம் வந்தால் அடியில் சாந்து பிடிக்கவில்லை. அந்த டைலுக்கு மெசினே தேவையில்லை, சுத்தியலும் உளியும் போதும். "டிக்" என்று இறுக்கமான சத்தம் வந்தால் நன்றாகப் பிடித்திருக்கிறது. பென்சிலால் அடையாளம் வையுங்கள். முக்கால்வாசி "டொக்" என்றால் பெரிய மெசினுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து, மூலையில் ஒரு டைலை மட்டும் கையால் உடைத்து எடுத்து, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும். மணலும் சீமெந்தும் கலந்த தடித்த சாந்து என்றால், உளியைச் சாந்துக்கு அடியில் விட வேண்டும். டைலும் சாந்தும் சேர்ந்தே கட்டியாக வரும். டைல் பசை என்றால் டைல் சில்லுச் சில்லாக உடையும், பசை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அகல உளியால் சுரண்ட வேண்டும். மூன்றாவது, பழைய சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டியிருப்பது. மினுக்கிய நிலத்தில் சாந்து சரியாகப் பிடிக்காது, ஆகவே டைல்ஸ் தகடு தகடாகக் கழன்று வரும். இதுதான் இருப்பவற்றில் லேசான வேலை. அந்தச் சிவப்பு நிலத்தையும் சேர்த்து உடைக்க வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துவிட்டுத் தொடங்குங்கள். நிறையப் பேர் தேவையில்லாமல் உடைக்கிறார்கள்.

மெசின் வகைகள்

சாதாரண ஹாமர் ட்ரில் இந்த வேலைக்கு ஆகாது. அதற்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் உரசித் துள்ளுவதால்தான் அந்தத் "தடதட" வருகிறது. ரோல்பிளக் போடத் துளையிட அது போதும், உளி பூட்டி உடைக்க முடியாது. உடைக்கிற மெசினில் நடப்பது வேறு. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை நெருக்க, அந்தக் காற்று ஓர் இரும்புக் கட்டியைத் தள்ளி உளியின் வாலில் அடிக்கிறது. நீங்கள் கையால் அழுத்துவதற்கும் அந்த அடியின் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த மெசின்களை உளியின் வாலைப் பார்த்தே பிரித்துவிடலாம். வால் 10 மி.மீ. தடிப்பம், நாலு காடி வெட்டியிருந்தால் எஸ்டிஎஸ் பிளஸ். மெசின் 2.5 முதல் 4 கிலோ வரை இருக்கும், அடி 2 முதல் 3.5 ஜூல் (ஓர் அடியின் சக்தியை அளக்கிற அலகு). வால் 18 மி.மீ., ஐந்து காடி என்றால் எஸ்டிஎஸ் மெக்ஸ். 5 கிலோவில் தொடங்கி 12 கிலோ வரை, அடி 6 முதல் 20 ஜூல் வரை. காடிகள் இல்லாமல் ஆறு பட்டையாக, 28 அல்லது 30 மி.மீ. தடிப்பத்தில் இருந்தால் அது பெரிய பிரேக்கர், 15 கிலோவுக்கு மேல். 17 மி.மீ. ஆறு பட்டை வாலும் சில நடுத்தர மெசின்களில் உண்டு. ஒன்றின் உளி மற்றதுக்குப் பொருந்தாது என்பதால் வாங்க முன்னம் வாலை அளந்து பாருங்கள்.

உளியைப் பூட்டிய பிறகு அது முன்னும் பின்னும் ஒரு சென்றிமீற்றர் அளவுக்கு ஆடினால் பயப்பட வேண்டாம். எஸ்டிஎஸ் அப்படித்தான் ஆட வேண்டும்; ஆடாமல் இறுகி நின்றால்தான் கோளாறு. இழுத்தாலும் கழன்று வரக்கூடாது, அது மட்டும்தான் சோதனை.

வாட்டில் ஏமாற வேண்டாம்

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் என்பது மெசின் குடிக்கிற கரண்ட். அடிக்கிற பலம் ஜூலில்தான் தெரியும். பொஷ் ஜிபிஎச் 2-26 மெசினுக்கு 2.7 ஜூல், மகிட்டா எச்ஆர்2470 மெசினுக்கு 2.4 ஜூல். பொஷ் ஜிஎஸ்எச் 11 ஈ, 1500 வாட், பத்துக் கிலோ, 16.8 ஜூல். அதே கம்பனியின் ஜிஎஸ்எச் 16-28, 1750 வாட், கிட்டத்தட்ட 18 கிலோ, 41 ஜூல். கடைசி இரண்டையும் பாருங்கள்: வாட் 250தான் கூடியது, அடி இரண்டரை மடங்கு. பெயர் தெரியாத மெசினின் பெட்டியில் 4 கிலோ எடைக்கு 15 ஜூல் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். 'ஈப்டா' (ஐரோப்பிய மின்கருவிக் கம்பனிகளின் சங்கம்) முறையில் அளந்தது என்று குறிப்பு இருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பு உண்டு.

எந்த வேலைக்கு எது?

சுவர் டைல்ஸுக்கு 2 முதல் 3 ஜூல் எஸ்டிஎஸ் பிளஸ். அதற்கு மேல் போனால் பூச்சு கழன்று கல்லும் வெடிக்கும். தரை டைல்ஸ் நாலைந்து சதுர அடி என்றால் இதே மெசினால் சமாளிக்கலாம். முழு அறை என்றால் அது சூடேறித் திணறும், 5–6 கிலோ, 7–8 ஜூல் எஸ்டிஎஸ் மெக்ஸ் எடுங்கள். வீட்டு வேலைக்கு ஒரேயொரு மெசின் என்று கேட்டால் இந்த நடுத்தரத்தைத்தான் சொல்லலாம்: நின்றபடி தரையில் பிடிக்கலாம், தேவைப்பட்டால் இடுப்பு உயரச் சுவரிலும் பிடிக்கலாம். 3 முதல் 4 அங்குலக் கம்பியில்லாக் கொங்கிரீட் நிலத்தை எடுக்கப் பத்துக் கிலோ வகுப்பு. பழைய அத்திவாரம், கிணற்றடிக் கட்டு, வாசல் படிக்கட்டு போன்ற தடித்த கட்டிகளுக்கு மட்டும் ஆறு பட்டைப் பெரிய பிரேக்கர். அதை நேரே கீழ்நோக்கித்தான் பிடிக்கலாம். சுவரில் பிடிக்க நினைக்கவே வேண்டாம்.

மேல் மாடிப் பாத்ரூம் தனிக் கதை. அங்கே டைலுக்கு அடியில் இருப்பது கம்பி கட்டின பிளேட், அதாவது கீழ் மாடியின் கொங்கிரீட் கூரை. எஸ்டிஎஸ் பிளஸ்ஸைத் தாண்டாதீர்கள், உளியைப் படுக்கையாகவே பிடியுங்கள். தூண், பீம், லின்டல் எதிலும் எந்த மெசினையும் வைக்கக்கூடாது. அதை வெட்ட வேண்டி வந்தால் ஒரு பொறியியலாளரிடம் கேளுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றால் கம்பி துருப்பிடித்து, பிளேட்டின் அடிப்பக்கம் வெடித்துத் தொங்கும். அந்தத் தளர்ந்த கொங்கிரீட்டைத் தட்டி எடுக்கவும் சின்ன மெசின்தான். பெரிய அடி, நன்றாக இருக்கிற பகுதியையும் கம்பியிலிருந்து பிரித்துவிடும்.

உளி

மெசினோடு மூன்று வகை உளி கேட்டு வாங்குங்கள். கூர் உளி இரண்டு, கொங்கிரீட்டில் முதல் ஓட்டை போட. 25 மி.மீ. தட்டை உளி, வெடிப்பைக் கோடாக ஓடவிட. 40 முதல் 75 மி.மீ. அகல உளி டைல்ஸுக்கும் பசைக்கும். கூர் உளியால் டைல்ஸ் கழற்றப் போனால் ஓட்டை ஓட்டையாக விழும், டைல் கழறாது. சின்ன மெசினில் 75 மி.மீ. உளி பூட்டினால் அடியின் பலம் அகலத்தில் பரவிப்போய் ஒன்றும் நடக்காது. 2–3 ஜூலுக்கு 40 மி.மீ. போதும்.

பூட்ட முன்னம் உளியின் வாலைத் துணியால் துடைத்து, ஒரு கடலையளவு கிரீஸ் பூசுங்கள். ஒவ்வொரு தடவையும். கிரீஸ் இல்லாமல் அடித்தால் வாலின் நுனி காளான் மாதிரி விரிந்து, பிறகு மெசினிலிருந்து உளியைக் கழற்றவே முடியாமல் போகும். மழுங்கின உளியை கிரைண்டரில் தீட்டலாம். ஆனால் இடைக்கிடை தண்ணீரில் தோய்த்து. நுனி நீலமாக மாறினால் பதம் போய்விட்டது, அடுத்த அடியில் மடங்கும்.

கரண்ட்

பழைய வீடுகளில் இருக்கிற 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக்கில் இந்த மெசின்களைக் குத்தாதீர்கள். 230 வோல்ட்டில் 5 அம்பியர் என்றால் 1150 வாட்தான். 1500 வாட் மெசினுக்கு ஆறரை அம்பியர் வேண்டும். பிளக் முதலில் சூடாகும், பிறகு உருகும். 13 அம்பியர் சதுரப் பின் பிளக் பொயின்ட் இருக்கிற இடத்திலிருந்து வயர் இழுங்கள். வயர் 1.5 சதுர மி.மீ. என்றால் 25 மீற்றர் வரை போதும், அதற்கு மேல் 2.5. சுருள் வயரை முழுதாக அவிழ்த்துவிடுங்கள். சுருளாக இருந்தால் உள்ளே சூடேறி மேலுறை இளகும். மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பட்டனை ஒருமுறை அமத்துங்கள். விழாவிட்டால் அதைத் திருத்திவிட்டுத்தான் பாத்ரூமில் மெசின் பிடிக்க வேண்டும். உடைக்கிற சுவரில் வயரிங் குழாய் இருந்தால் அந்தச் சுற்றின் சர்க்கிட் பிரேக்கரையும் நிறுத்திவிடுங்கள்.

வாடகைக்கா, சொந்தமா?

ஒரு பாத்ரூம், ஒரு குசினி என்றால் வாடகைதான். எஸ்டிஎஸ் பிளஸ் மட்டும் சொந்தமாக வாங்கலாம். அது துளையிடவும் உதவும், பிறகும் வேலை இருக்கும். பெரிய பிரேக்கரை வாங்கி வைத்தால் உப்புக் காற்றில் துருப்பிடிப்பதுதான் மிச்சம்.

எடுக்கும்போது கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். காற்றுத் துவாரத்தினூடாகக் கார்பன் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற பிரஷ்) பக்கம் சின்ன நீலப் பொறி தெரிந்தால் சரி. வட்டமாக மஞ்சள் நெருப்புச் சுற்றினால் கார்பன் முடிந்துவிட்டது. ஒரு பலகைத் துண்டில் உளியை ஊன்றி அடிக்க விடுங்கள். மோட்டார் ஓடியும் அடி விழாவிட்டால் உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அந்த மெசின் வேண்டாம். சில பிரேக்கர்களில் பக்கவாட்டில் ஒயில் பார்க்கிற கண்ணாடி இருக்கும். ஒயில் தெரியாவிட்டால் ஊற்றச் சொல்லுங்கள். வயர் மெசினுக்குள் நுழைகிற இடத்தை வளைத்துப் பாருங்கள், முறிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

டைல்ஸ் கழற்றும் முறை

தண்ணீர் வால்வைப் பூட்டுங்கள். மலசலகூடக் கோப்பையைக் கழற்றினதும், துணியை ஒரு பொலித்தீன் பைக்குள் சுருட்டி பைப் வாயில் இறுக்கி அடையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் டைல் சில்லுகள் பைப் வளைவுக்குள் விழுந்து, வேலை முடிந்து மூன்றாம் நாள் அடைப்பு வரும்.

பாதி டைல்ஸை விட்டுவைப்பதாக இருந்தால் எல்லையிலுள்ள இடைவெளிச் சீமெந்தை 4 அங்குல கிரைண்டரில் டயமண்ட் பிளேடு போட்டு முழு ஆழத்துக்கும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வு தாண்டிப் போய் நல்ல டைலும் வெடிக்கும்.

தொடக்கம் எப்போதும் திறந்த ஓரத்திலிருந்து. ஏற்கெனவே எடுத்த அந்த மூலை டைலின் பள்ளத்தில் உளியை வைத்து, 45 பாகையில் இரண்டு மூன்று அடி விட்டு நுனி சாந்துக்கு அடியில் புகுந்ததும், மெசினைத் தாழ்த்தி 20–30 பாகைக்குக் கொண்டுவாருங்கள். உளி டைலுக்கு அடியால் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் கீழே இருக்கிற 3 அங்குலக் கொங்கிரீட்டில் குழி விழும். பிறகு அந்தக் குழிகளை நிரப்பவே ஒரு பை சீமெந்து போகும்.

சுவரில் மேலிருந்து கீழே வாருங்கள். கீழேயிருந்து தொடங்கினால் மேல் வரிசை மொத்தமாகக் காலில் விழும்.

மெசினை நெம்புகோலாகப் பாவிப்பதுதான் புதியவர்கள் செய்கிற பெரிய பிழை. பாதி கழன்ற கட்டியை உளியாலேயே கிளப்பப் பார்ப்பார்கள். உளி முறியும், அல்லது மெசினின் கழுத்து வளையும். கிளப்ப அலவாங்கு இருக்கிறது. அதேபோல மேலே ஏறி அழுத்தவும் வேண்டாம். மெசினின் எடையோடு கொஞ்சம் கையைச் சேர்த்தால் போதும். மிஞ்சி அழுத்தினால் அதிர்வு உங்கள் முழங்கைக்குத்தான் ஏறும்.

கொங்கிரீட் நிலம்

கொங்கிரீட் உடைய வேண்டுமென்றால் உடைந்த துண்டு ஒதுங்க இடம் வேண்டும். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. நடுவில் எங்காவது வைத்து அடித்துக்கொண்டே இருந்தால் உளி புதையும், கொங்கிரீட் அசையாது.

பைப் போகாத இடத்தில் கூர் உளியால் நேராக ஓர் ஓட்டை போடுங்கள். அதைச் சுற்றி உடைத்து ஒரு முழங்கை அகலத்துக்குப் பெருப்பித்து, துண்டுகளைக் கையால் எடுத்துவிடுங்கள். இனி அந்தப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து 3–4 அங்குலம் தள்ளி உளியை வைத்து, கொஞ்சம் பள்ளத்தின் பக்கம் சாய்த்து அடியுங்கள். நாலைந்து செக்கனில் வெடிப்பு ஓடி, துண்டு பள்ளத்துக்குள் சாயும். பத்துச் செக்கன் அடித்தும் வெடிக்கவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். விளிம்புக்கு ஓர் அங்குலம் கிட்டப் போங்கள்.

சத்தம் மாறுவதைக் கவனியுங்கள். மந்தமாக மாறினால் உளி மணலுக்கு வந்துவிட்டது, உடனே நிறுத்துங்கள், அடுத்து இருப்பது பைப்பாக இருக்கலாம். கணீரென்று அடித்து மெசின் துள்ளினால் கம்பி. பைப் லைன் போகிற பாதையில் இரு பக்கமும் ஓர் அடிக்கு மெசினை விட்டுவிட்டு, சுத்தியலும் உளியும் எடுங்கள்.

உளி இறுகிவிட்டால் மெசினை ஆட்டி இழுக்காதீர்கள். உளியை அப்படியே விட்டு மெசினைக் கழற்றி, இன்னோர் உளி பூட்டிப் பக்கத்தில் உடைத்தால் அது தானாக விடும். இரண்டு கூர் உளி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கை, காது, மூச்சு

கொங்கிரீட் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. லேஞ்சியைக் கட்டுவதில் பயனில்லை. என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க் போடுங்கள். உடைக்கிற இடத்தில் தண்ணீர் தெளிக்கலாம், மெசினில் படாமல். கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். காலில் செருப்பு வேண்டாம்.

அதிர்வுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி எட்டு மணித்தியால வேலைக்கு 2.5 மீற்றர்/செக்கன்² தாண்டினால் கவனம் வேண்டும், 5 தாண்டவே கூடாது. மெசினின் அதிர்வு 12 என்றால் 20 நிமிடத்தில் முதல் எல்லை வரும், 80 நிமிடத்தில் இரண்டாவது. அதுவும் உளி அடிக்கிற நேரம் மட்டும். இரண்டு பேர் மாறி மாறிப் பிடித்தால் ஒரு பகலுக்குள் முடிக்கலாம். இரவில் விரல் மரத்தால் அடுத்த நாள் ஓய்வு.

சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், கோயில் பூசை நேரம், பரீட்சைக் காலம் பார்த்து அயலுக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அது சுவரில் உட்காருகிற இடத்துக்குக் கிட்ட மெசின் பிடிக்கக் கூடாது.

இடிபாடு

இதைக் கணக்குப் பார்க்காமல் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். பத்துக்குப் பத்து அறையில் டைலும் சாந்தும் சேர்த்து ஒன்றரை அங்குலம் என்றால் பன்னிரண்டரைக் கன அடி. எடை கிட்டத்தட்ட 750 கிலோ. உடைத்த பிறகு உப்பிப் பதினெட்டு, இருபது கன அடியாகும், அதாவது ஒரு கியூப்பில் (100 கன அடி) ஐந்தில் ஒன்று. யூரியாப் பையில் 30 கிலோவுக்கு மேல் நிரப்பாதீர்கள். அப்படியே 25 பை வரும். அடியில் இருக்கிற 3 அங்குலக் கொங்கிரீட்டையும் எடுத்தால் இன்னும் 1700 கிலோ. ஒரு லாண்ட் மாஸ்டரோ பட்டா லொறியோ சொல்லி வையுங்கள். வளவில் பள்ளம் இருந்தால் அதுவே நல்ல இடம். வாவிக் கரையில் கொட்டாதீர்கள். மேல் மாடியில் வேலை என்றால் இடிபாட்டை நடுவில் குவிக்காமல், உடைக்க உடைக்கக் கீழே இறக்குங்கள்.

நிலத்தைத் திறந்தாயிற்று என்றால் மூட முன்னம் மணலுக்குத் தண்ணீர் விட்டு இறுக்குங்கள். அதிர்வில் மணல் இறங்கியிருக்கும். பைப் வாயிலிருந்த துணிப் பையை எடுத்து, இரண்டு வாளி தண்ணீரைக் கடகடவென்று ஊற்றி, கழிவுக் குழிப் பக்கம் ஒருவரை நிற்க வைத்து முழுவதும் வருகிறதா என்று பாருங்கள். அரை மணித்தியாலம் விட்டு மணலைத் தொட்டுப் பாருங்கள். எங்காவது புதிதாக ஈரம் ஊறியிருந்தால் அந்த இடத்தில் பைப் வெடித்திருக்கிறது. கொங்கிரீட் கலக்க முன்னம் அதைத் தோண்டுங்கள்.